ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரை பளபளவென்று இருக்கிறது, ஃபினாயில் வாசனை மூக்கைத் துளைக்கிறது. உடனே ‘சுத்தமான ஆஸ்பத்திரிதான்’ என்று நிம்மதியாகிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு பாக்டீரியா போவது பெரும்பாலும் கை வழியாக. 1847-லேயே வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இதைக் காட்டிவிட்டார். பிணப் பரிசோதனை செய்துவிட்டு அப்படியே பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்த மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு மளமளவென்று குறைந்தது. இன்றும் நம்மைப் போன்ற நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் சுமார் 15 பேருக்கு அங்கேயே ஏதாவது ஒரு தொற்று ஒட்டிக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சரி, யாருடைய கை? டாக்டர், நர்ஸ் கைகளும்தான். ஆனால் நம் ஊர் வார்டில் நோயாளியை அதிகம் தொடுவது துணைக்கு இருக்கும் ஆள். வாய் துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவர்தான். கட்டில் முனையில் தொங்கும் சானிடைசர் பாட்டிலோ டாக்டருக்கு மட்டும் என்று பலருக்கு நினைப்பு. எடுப்பவர்களும் இரண்டு சொட்டு விட்டு, ஈரம் காய்வதற்குள் வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்கள். அதில் பயனே இல்லை. உள்ளங்கை நிறைய எடுத்து, கட்டை விரல், விரல் நுனி, விரல் இடுக்கு எல்லாம் படும்படி 20 முதல் 30 நொடி தேய்த்து, தானாகக் காய விட வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. கையில் அழுக்கு தெரிந்தாலும், நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் சோப்புதான். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துகள் சானிடைசருக்கு மசியாது. கிளவுஸ் போட்டாலும் கழற்றியதும் கை கழுவியாக வேண்டும்.

வார்டில் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் துணையில்லை என்று எழுப்பி உட்கார வைப்பார்கள், யூரின் பையைக் காலி செய்து கொடுப்பார்கள். அதே கையோடு திரும்பி வந்து தங்கள் அப்பாவின் கையில் மருந்து ஏற்றப் போட்டிருக்கும் வென்ஃப்ளான் ஊசியைச் சரிசெய்வார்கள். உதவி செய்யுங்கள், இடையில் கையைக் கழுவுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே மக்கைப் பயன்படுத்தவே கூடாது.

அப்புறம் குழாய்கள். உடம்புக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல். ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது பாருங்கள், யூரின் பையைத் தூக்கி நோயாளியின் மடியிலோ வயிற்றிலோ வைத்துவிடுவார்கள். பையில் தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. காலி செய்யும்போது அதன் குழாய் முனை மக்கில் படக்கூடாது. வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ ‘மருந்து ஏறினால் வலிக்கத்தான் செய்யும்’ என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே காட்டுங்கள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது மட்ட மல்லாக்கப் படுக்க வைத்தால் உணவு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள்.

‘கை கழுவினீர்களா?’ என்று டாக்டரிடம் கேட்க நமக்குக் கூச்சம், புரிகிறது. ஆனால் தினமும் காலையில், “சிஸ்டர், இந்த யூரின் டியூப் இன்னும் தேவையா?” என்று கேட்பதில் யாருக்கும் சங்கடமில்லை. என்னைக் கேட்டால் நோயாளியின் வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். வேலை முடிந்த பிறகும் யாரும் கவனிக்காமல் குழாய் உள்ளேயே கிடப்பது நடக்கிற காரியம்தான்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று வீட்டிலேயே ரேசரால் மழித்துவிட்டு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை நீக்கியே தீர வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் வெட்டுவதுதான் முறை. நீங்கள் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் முக்கியம். சர்க்கரை ஏறிய உடம்பில் புண் எளிதில் சீழ் பிடிக்கும். ‘தையல் எப்படி இருக்கிறது பார்க்கலாம்’ என்று கட்டைத் தூக்கிப் பார்ப்பதும், மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுவதும் வேண்டாம்.

பார்க்க வருகிறவர்கள் விஷயம் சுருக்கமானதுதான். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் போனில் விசாரித்தால் போதும். கட்டிலில் உட்காராதீர்கள். திருநீறு பூசிவிடுவதானால் கையைச் சுத்தம் செய்துவிட்டுப் பூசுங்கள். பிறந்த குழந்தைக்கு சேனை வைக்கிறோம் என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலால் தொட்டு வாயில் வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பாட்டுலிசம் என்ற நரம்புப் பாதிப்பைக் கொண்டுவரலாம். பெரியவர்கள் வருத்தப்படுவார்கள்தான், படட்டும்.

‘பவரான ஆன்டிபயாடிக் எழுதுங்க டாக்டர்’ என்று வற்புறுத்துவதும் தவறுதான். பல மருந்துகளுக்கு அசராத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் ஐ.சி.யூ.க்களில் தங்கியிருப்பதற்குக் கண்டபடி மருந்து கொடுத்ததும் ஒரு காரணம். மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டால், ‘இன்னும் ரெண்டு நாள் இருந்து தெம்பாகப் போகிறோமே’ என்று தங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கதை முடிந்தது என்று விட்டுவிடவும் கூடாது. ஆபரேஷன் புண்ணில் தொற்று 30 நாள் வரை தலைகாட்டலாம். செயற்கை மூட்டு, பிளேட் மாதிரி ஏதாவது உள்ளே வைத்திருந்தால் இன்னும் தாமதமாகவும் வரலாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சூடு, நாள் ஆக ஆகக் கூடும் வலி, சீழ், நாற்றம், குளிர்காய்ச்சல் இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போய்க் காட்டுங்கள்.