கண்மாய் மண்ணில் கிடைத்த பூஞ்சைத் தடுப்பானை நிறை நிறமாலையால் அடையாளம் காணும் முறை

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் எடுத்த மண்ணிலிருந்து பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைப் பிரித்து, மிளகாய்ப் பழ அழுகலை உண்டாக்கும் கொலெட்டோட்ரிகம் பூஞ்சையை அது அகர்த் தட்டில் தடுப்பதைக் கண்ட மாணவர், மறுநாளே மாதிரியை நிறை நிறமாலைமானிக்கு அனுப்ப விரும்புவார். ஆனால் அந்தக் கருவி நிறையை மட்டுமே சொல்லும். பூஞ்சையைத் தடுத்தது எது என்பதைச் சொல்லாது.

முதலில் வளர்ப்புத் திரவத்தை மையவிலக்கியில் சுழற்றிச் செல்களை நீக்க வேண்டும். தெளிந்த திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பிஎச் 2க்குக் கொண்டுவந்து, 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்தால், பாக்டீரியா வெளியிட்ட லிப்போபெப்டைடுகள் (கொழுப்பமிலமும் அமினோ அமிலங்களும் இணைந்த சேர்மங்கள்) வீழ்படிவாக இறங்கும். அவற்றை மெத்தனாலில் கரைத்து வடிகட்டிக்கொள்ளலாம். பாக்டீரியா சேர்க்காத வெறும் ஊடகத்தையும் இதே படிகளில் கொண்டுசென்று ஒப்பீட்டு மாதிரியாக வைத்துக்கொள்வது கட்டாயம். கண்ணாடிக் கலங்களை உப்புக் கிணற்று நீரில் அலசி அப்படியே காயவிட்டால் சோடியம் ஒட்டிய அயனிகள் மிகுந்துவிடும். சலவைப் பொருளின் மிச்சம் இருந்தாலோ நிறமாலையில் 44 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) இடைவெளியில் ஏணிப்படி போன்ற உச்சிகள் தோன்றும்.

சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் திரவ வண்ணப்படிவியலில் சி18 தூணும் (18 கார்பன் சங்கிலிகள் பிணைத்த துகள்கள் நிரப்பிய குழாய்), 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் கலந்த நீரும் அசிட்டோநைட்ரைலும் போதுமானவை. டிரைஃப்ளுரோ அசிட்டிக் அமிலம் அயனிச் சமிக்ஞையை அமுக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

நிறமாலையைப் படிப்பதில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். இட்யூரின் ஏ என்ற லிப்போபெப்டைடின் 14 கார்பன் கொழுப்பமிலச் சங்கிலி கொண்ட வடிவம், நிறமாலையின் நிறை-மின்சுமை விகித அச்சில், புரோட்டான் ஏற்ற நிலையில் 1043.5 என்ற இடத்திலும், சோடியத்துடன் 1065.5 என்ற இடத்திலும், பொட்டாசியத்துடன் 1081.5 என்ற இடத்திலும் வரும். இம்மூன்றையும் மூன்று சேர்மங்களாக எண்ணிவிடக் கூடாது. சங்கிலியில் ஒரு கார்பன் (அதனுடன் இரு ஹைட்ரஜன்) கூடினால் 14 டால்டன் கூடும் என்பதால், 1043.5, 1057.6, 1071.6 என்று வரிசையாக உச்சிகள் நின்றால் அது ஒரே குடும்பம் என ஊகிக்கலாம். இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு: சர்ஃபாக்டின் என்ற மற்றொரு லிப்போபெப்டைடின் 15 கார்பன் வடிவம் சோடியத்துடன் தரும் அயனி 1058.67 என்ற இடத்தில் விழ, 15 கார்பன் இட்யூரினில் ஓர் அணு கனமான கார்பன்-13 ஆக இருப்பதால் எழும் ஐசோடோப்பு உச்சி ஏறத்தாழ 1058.57 என்ற இடத்தில் விழுகிறது. பிரிதிறன் குறைந்த கருவியில் இவை இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

மைகோசப்டிலின் என்ற இன்னொரு லிப்போபெப்டைடு இட்யூரின் ஏ-யிலிருந்து வேறுபடுவது செரின், அஸ்பராஜின் என்ற இரு அமினோ அமிலங்கள் இடம் மாறியிருப்பதால் மட்டுமே. சங்கிலி நீளம் ஒன்றாயின் நிறையும் ஒன்றே. எனவே அயனியை உடைத்து, துண்டுகளுக்கு இடையே நிறை வேறுபாடு 163 வந்தால் டைரோசின், 114 வந்தால் அஸ்பராஜின், 87 வந்தால் செரின் என்று வரிசையைப் படிக்க வேண்டும். வளைய மூலக்கூறு எந்த இடத்திலும் முதலில் உடையக்கூடும் என்பதால் இது பொறுமையைக் கேட்கும் வேலை.

இறுதியாக, தூணிலிருந்து வெளிவரும் திரவத்தை நிமிடவாரியாகச் சேகரித்து, கரைப்பானை ஆவியாக்கி, ஒவ்வொரு பகுதியையும் அதே பூஞ்சையின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். நிறமாலையில் மிக உயரமாக நிற்கும் சர்ஃபாக்டின் பூஞ்சையை அவ்வளவாக அசைக்காமல், சிறிதாய்த் தெரிந்த இட்யூரின் பகுதி பூஞ்சை வளராத தெளிந்த வளையத்தைத் தருவது உண்டு. அப்பகுதியையும் விலைக்கு வாங்கிய தூய இட்யூரினையும் ஒரே நாளில், ஒரே தூணில் ஓட்டி, வெளிவரும் நேரமும் துண்டுகளின் அமைப்பும் ஒத்துவந்த பிறகே ஆய்வேட்டில் அதன் பெயரை எழுத வேண்டும்.