ஆல்கீனுக்குப் பெயர் வைக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது?

ஆல்கேனுக்கு, அதாவது கார்பன்களுக்கு நடுவில் ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ள ஹைட்ரோகார்பனுக்கு, சரியாகப் பெயர் வைக்கிற பிள்ளைகள்கூட இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன் வந்ததும் தடுமாறுவார்கள். பழைய பழக்கத்தில், சங்கிலியிலிருந்து பக்கவாட்டில் தொங்கும் கிளைக்குச் சின்ன எண் கொடுக்கப் பார்ப்பதுதான் காரணம். இங்கே இரட்டைப் பிணைப்புக்குத்தான் முதல் மரியாதை, கிளையெல்லாம் அப்புறம்.

ஒரு தாளை எடுத்து ஐந்து கார்பனை வரிசையாக எழுதுங்கள், இடமிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டு, நான்காவதில் ஒரு மெத்திலை (CH₃ என்ற ஒரு கார்பன் கிளையை) தொங்கவிடுங்கள். வலப்பக்கமிருந்து எண்ணினால் மெத்திலுக்கு 2 கிடைக்கும், ஆனால் இரட்டைப் பிணைப்பு 3-க்குப் போய்விடும். அது தவறு. இடப்பக்கமிருந்து எண்ணுங்கள்: இரட்டைப் பிணைப்பு 2-இல் தொடங்குகிறது, மெத்தில் 4-இல் இருக்கிறது. ஐந்து கார்பனுக்குப் பென்ட், இரட்டைப் பிணைப்புக்கு ஈன், ஆகவே 4-மெத்தில்பென்ட்-2-ஈன். அந்தப் பிணைப்பில் இரண்டு கார்பன் இருந்தாலும் சின்ன எண்ணை மட்டும் எழுதினால் போதும். பழைய புத்தகங்களில் 4-மெத்தில்-2-பென்டீன் என்று இருக்கும், அதுவும் இதே சேர்மம்தான், குழம்ப வேண்டாம்.

சரி, எந்தப் பக்கம் எண்ணினாலும் இரட்டைப் பிணைப்புக்கு ஒரே எண் வந்தால்? அப்போதுதான் கிளையைப் பார்க்க வேண்டும். அதனால்தான் 2-மெத்தில்பியூட்-2-ஈன் என்கிறோம், 3-மெத்தில் என்பதில்லை.

இரட்டைப் பிணைப்பு இரண்டு இருந்தால் டையீன். இயற்கை ரப்பரின் அலகான ஐசோபிரீனை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பெயர் 2-மெத்தில்பியூட்டா-1,3-டையீன். பியூட் என்பது பியூட்டா ஆவதைக் கவனியுங்கள், பலர் விடுவது அந்த 'ஆ'வைத்தான்.

பெயருக்கு அடிப்படையாகும் முதன்மைச் சங்கிலியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பள்ளிப் பாடத்தில் பழகிய விதிப்படி இரட்டைப் பிணைப்பு முழுதாகச் சங்கிலிக்குள் இருக்க வேண்டும், அதைவிட நீளமான சங்கிலி வேறு பக்கம் ஓடினாலும் சரி. வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐயூபிஏசி 2013-இல் வெளியிட்ட பரிந்துரைகளோ நீளத்துக்கே முதலிடம் தருகின்றன. அதனால் 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்று நாம் படித்தது அங்கே 3-மெத்திலிடீன்ஹெக்சேன் ஆகிவிடுகிறது. தேர்வில் உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.

பெயர் முடிந்ததும் இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் சிஸ் (ஒரே பக்கம்) அல்லது டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) என்று சேர்த்தாக வேண்டும். முதலில் எழுதிய 4-மெத்தில்பென்ட்-2-ஈனுக்கு அது தேவை. 2-மெத்தில்பியூட்-2-ஈனில் ஒரே கார்பனில் இரண்டு மெத்தில் இருப்பதால் தேவையில்லை.