குதிரையோடு டெல்டாவில் குடியேற நினைக்கிறீர்களா, முதலில் மேடு தேடுங்கள்

மலேசியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தஞ்சாவூர்ப் பக்கம் வந்து இறங்குகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஓர் ஆசை வந்துவிடும்: வாய்க்கால் ஓரமாக ஒரு வீடு, பின்னால் பச்சைப் பசேலென்று வயல். சிலருக்கு அதில் ஒரு குதிரையும் நிற்க வேண்டும். நானும் அப்படி வந்தவன்தான், ஏழு வருஷத்துக்கு முன்னால், ஈப்போவிலிருந்து. இப்போது ஒரத்தநாடு பக்கம் இரண்டு குதிரைகளோடு இருக்கிறேன். அதனால் சொல்கிறேன், அந்தப் பச்சை வயலை மறந்துவிடுங்கள். சட்டமும் விடாது, குதிரையும் தாங்காது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். ஓசிஐ அட்டைக்காரர்களும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) வெளிநாடு வாழ் இந்தியர்களும் இங்கே குடியிருப்பு, வணிகச் சொத்து வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. தாத்தா நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், சித்தப்பா தானமாக எழுதிக்கொடுத்தால் செல்லாது. ஓசிஐ இல்லாத இலங்கைக் குடிமக்களுக்கு இன்னும் கெடுபிடி, முன்அனுமதி இல்லாமல் எந்த மனையும் வாங்க முடியாது, ஐந்து வருஷத்துக்கு மிகாத குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். இந்தியப் பாஸ்போர்ட்டோடு நிரந்தரமாகத் திரும்பிவிட்டவர்களுக்கு இந்தத் தடை கிடையாது, இருந்தாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். தரகர் "பண்ணை வீடு சார், குதிரைக்கென்றே கட்டினது மாதிரி" என்று ஆரம்பித்தால், அவர் உங்களுக்கு விற்கக் கூடாத பொருளின் பெயரை அவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம். மச்சான் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அது பினாமி. நல்ல மச்சானையும் சேர்த்து இழப்பீர்கள்.

அப்புறம் என்னதான் வாங்குவது? நத்தத்தில், அதாவது ஊரின் குடியிருப்பு மனைப் பகுதியில், இருக்கும் பழைய மிராசுதார் வீடு. இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஆனால் குதிரைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் டெல்டாவில் பார்த்ததில்லை. தெருவிலிருந்து வாய்க்கால் வரைக்கும் நீளமான கொல்லை, அதிலேயே நெல் அடித்த களம், வைக்கோல் போர் போட்ட இடம், பத்துப் பதினைந்து மாடு கட்டின கொட்டகை. நெல்லையும் மாட்டையும் காப்பாற்ற அந்தக் காலத்திலேயே மண்ணடித்து உயர்த்தின இடங்கள் அவை. கொட்டகையைத் தடுத்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடியில் மூன்று லாயம் தாராளமாக வரும், களம் குதிரையைச் சுற்றிவிட உதவும். ஒன்று மட்டும்: கொல்லையின் பின்பாதி பல வீடுகளில் நஞ்சையாகவோ வாய்க்கால் புறம்போக்காகவோ இருக்கும், வேலி ஒன்றாகப் போட்டிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. புலப்படம், அதாவது நிலத்தின் எல்லை வரைபடம், வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். அளவு சொல்லும்போது மா, குழி என்பார்கள். 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். இரண்டு குதிரைக்கு வீடு போக மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், இருந்தால் நிம்மதி.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா எல்லாம் எந்த ஊரிலும் பார்ப்பதுதான். டெல்டாவில் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது கோயில் அடிமனையா? கட்டடம் மட்டும் விற்பவருடையது, மண் கோயிலுடையது என்ற வீடுகள் இங்கே தெருத்தெருவாக உண்டு. இரண்டாவது, கொல்லையில் யாராவது குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்களா? 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி சாகுபடிக் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு உண்டு, பத்திரம் உங்கள் கையில் இருந்தாலும் அவரை நினைத்தபடி எழுப்பிவிட முடியாது.

இனி மண். நெல்லுக்கு எது நல்ல மண்ணோ அதுதான் குதிரைக்குக் கெட்ட மண். தண்ணீரைப் பிடித்துவைக்கும் களிமண், மழையில் முழங்கால் சேறு, கோடையில் கை நுழையும் வெடிப்பு. ஈரத்தில் நின்ற குளம்பைத் தூக்கி அடியில் இருக்கும் முக்கோண மெத்தையைக் குத்தூசியால் கிளறினால் கறுப்பாகக் கசியும், அந்த அழுகல் வாடை கையை விட்டு இரண்டு நாள் போகாது.

நான் முதலில் பார்த்த வீடு திருவாரூர்ப் பக்கம். மாசி மாதம், கட்டாந்தரை, நல்ல காற்று, மயங்கிவிட்டேன். கொட்டகைச் சுவரில் கீழே மூன்றடி மட்டும் புதுச் சுண்ணாம்பு, மேலே பழைய அழுக்கு. ஏன் பாதிச் சுவருக்கு மட்டும் வெள்ளை என்று கேட்கத் தோன்றவில்லை. நல்லவேளையாக ஐப்பசியில் பதிவுக்கு முன்னால் இன்னொரு முறை போனேன். அதே சுவரில் சுண்ணாம்பு ஊறி உரிந்திருந்தது, முட்டி உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு, கோட்டில் வரிசையாக நெல் உமி ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "வருஷா வருஷம் இதானே தம்பி" என்றார். முன்பணம் போனது போனதுதான். ஆக, வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள், அல்லது ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கொள்ளிடப் படுகை மணற்பாங்காக இருக்கிறதே என்று போகாதீர்கள், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மதகுகளே 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. ஊர்ப் பெயரில் திடல், மேடு என்று இருந்தால் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் வல்லம் பக்கத்துச் செம்மண் மேடுதான் முதல் சாய்ஸ்.

கோடிக்கரையில் காட்டுக் குதிரைகள் சேற்றிலும் உப்பிலும் திரியவில்லையா என்று கேட்பார்கள். அவை தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிழைத்துப் பழகிய மட்டக்குதிரைகள். நீங்கள் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய் வாங்கிவரப்போவது அநேகமாக வறண்ட ராஜஸ்தான் வழிவந்த மார்வாரி. வாங்கும்போது கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்த சான்றைக் கேளுங்கள், அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

தீனி விஷயத்தில் பக்கத்து மாட்டுக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கம்பு நேப்பியர் புல் மாட்டுக்கு அமிர்தம், ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் குதிரையின் உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது, அதையே மாதக்கணக்கில் போட்டால் எலும்பு கெட்டு முகம் வீங்கிவிடும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து கிடையாது. தீவனப் பயிரான குதிரைமசாலைக் கொங்குப் பக்கமிருந்து தருவித்துக்கொள்கிறேன், கொள்ளு உள்ளூரிலேயே கிடைக்கிறது, ஊறவைத்து அளவாகத்தான் போடுவது. தண்ணீர் ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் ஆகும். கடலோரமாக இருந்தால் போர்வெல் தண்ணீரின் உப்பைச் சோதித்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

கூரைக்கு வெறும் தகரம் வேண்டாம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் இந்தப் பக்கம் தென்னையே நிற்கவில்லை, லாயத்தின் மேல் சாயும் தூரத்தில் தென்னை இருந்தால் இடத்தை மாற்றுங்கள். மழை விட்டதும் கடி ஈ கிளம்பும், சர்ரா காய்ச்சலைப் பரப்புவது அதுதான், ஜன்னலுக்கெல்லாம் வலை அடியுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைக்கலாம். லாடம் அடிப்பவரைத்தான் தேட வேண்டியிருக்கும், குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுகிறவர்களிடம் விசாரியுங்கள், அவர்களுக்கு ஆள் தெரியும்.