அமில மண்ணில் தீவன அவரை: சோதனைப் பாத்தியில் விடும் பிழைகள்

பாதுக்க, ஹங்வெல்ல பக்கத்துக் கபுக் (செம்பூராங்கல்) மேடுகளில், எந்தத் தீவன அவரை, அதாவது மாட்டுத் தீவனமாகும் அவரையினப் பயிர், அமில மண்ணைத் தாங்கும் என்று நட்டுப் பார்ப்பவர்கள் பலர் முதல் நாளே அமிலத்தைத் தணிக்கும் டொலமைட் கல்தூளை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். ஹெக்டயருக்கு 2 தொன் என்றால் சதுர மீற்றருக்கு 200 கிராம். மேல்மண்ணிலுள்ள அலுமினியத்தின் நஞ்சு அதில் பெருமளவு அடங்கிவிடும். பிறகு அமிலம் பிடிக்காத தீவன மரமான இபில் இபில்கூடத் தளதளவென்று எழும்பும். கீழ்மண்ணுக்கு டொலமைட் இலேசில் இறங்காது. அங்கே போன வேர் நுனி தடித்துக் கட்டையாகி நின்றுவிட, தை, மாசி வெயிலுக்கு அந்தப் பயிர்தான் முதலில் வாடும். கல்சியச் சத்துக்கு மட்டும் என்றால் சதுர மீற்றருக்கு 10–20 கிராம் போதும். பொஸ்பரசுக்கு எப்பாவல பாறைப் பொஸ்பேற்று நல்லது. அமில மண்ணே அதை மெல்லக் கரைத்துக் கொடுக்கும்.

மண் அறிக்கையில் அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச் எண்ணை மட்டும் பார்ப்பதும் பிழை. பொட்டாசியம் குளோரைட்டில் அளந்தால் தண்ணீரில் அளந்ததைவிடப் பெரும்பாலும் 0.5 முதல் 1 வரை குறைவாக வரும். எந்த முறை என்று கேளுங்கள். 0–20, 20–40 சென்ரிமீற்றர் ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்து, மண் பிடித்து வைத்திருக்கும் கற்றயன்களில் (நேர்மின் அயன்களில்) அலுமினியம் எத்தனை வீதம் என்றும் பாருங்கள்.

காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் வேர்முடிச்சு பார்க்கச் செடியைப் பிடுங்கக் கூடாது. முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். எட்டாவது வாரமளவில் மண்வெட்டியால் ஒரு கட்டியோடு தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையோ பச்சையோ என்றால், ஐம்பது முடிச்சு இருந்தும் பயனில்லை. இடையில் யூரியா போட்டிருந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை: இலை பச்சையாகத் தெரியும், முடிச்சு சோம்பிவிடும்.

உயரத்தைப் பார்த்துப் புள்ளி போடுவதுதான் ஆகக் கெடுதலான பழக்கம். ஸ்டைலோ என்ற தீவன அவரை முதல் வருடம் இடுப்பளவு நிற்கும். கருகல் நோய் பிடித்தாலோ, 5 சென்ரிமீற்றரில் ஒட்ட வெட்டினாலோ அடுத்த வருடம் பாத்தி பாதி வெறுமையாகும். 20 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். அரக்கிஸ் பின்ரோய், நம் கச்சானின் ஒன்றுவிட்ட தம்பி, முதல் மாதங்களில் தரையோடு ஒட்டிக் கிடந்து கடைசி இடம் வாங்கும். ஆனால் மாட்டுக் குளம்பு மிதித்தாலும் தண்டு தொட்ட இடமெல்லாம் வேர்விட்டுப் பரவுவது அதுதான். ஆகக் குறைந்தது இரண்டு வருடம் பாருங்கள். ஐப்பசி மழையிலும் மாசி வறட்சியிலும் ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டு, 3, 6, 9, 12 வாரங்களில் அளந்தால் உண்மை வெளிப்படும்.

மழை விட்ட கையோடு பச்சையாக நிறுத்தால் நீங்கள் நிறுப்பது தண்ணீரைத்தான். 200 கிராம் மாதிரி எடுத்து, இலையையும் தண்டையும் பிரித்து, 65–70 பாகை செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தி நிறுங்கள்.

கடைசியில் மாட்டையும் கேட்க வேண்டும். டெஸ்மோடியம் ஓவாலிபோலியம் என்ற தீவன அவரை அமிலத்தையும் தென்னை நிழலையும் தாங்கிப் பாய் விரித்தாற்போல் படரும். தனின் என்ற துவர்ப்புப் பொருள் கூடியதால் மாடு முகர்ந்துவிட்டுப் பக்கத்துப் புல்லுக்குப் போய்விடும். அவரையைத் தனியே நட்டு வெட்டிக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது. பிரக்கியாரியாப் புல்லோடு கலந்து நட்டு, மாட்டை விட்டு, மறுநாள் காலை எது மிஞ்சிக் கிடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.