போர் வீடியோ பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தத்தை வைத்துச் சண்டையை எடைபோடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. காரைக்குடி டீக்கடை பெஞ்சில் கைக்குக் கை மாறும் வீடியோக்களில் இந்தக் காட்சி அடிக்கடி வரும்: ஒரு கிளர்ச்சிப்படை இளைஞன் குட்டிச்சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டு, துப்பாக்கியை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, விசையை விடாமல் அழுத்துகிறான். பார்க்க வீரமாகத்தான் இருக்கும். வீடியோவை நிறுத்தி அவன் கையைக் கவனியுங்கள். துப்பாக்கிக் கட்டை தோளில் இல்லை. கண் குறியில் இல்லை. ஏகே-47 நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகள் என்ற வேகத்தில் சுடும். 30 குண்டு மேகசின் 3 நொடியில் காலியாகிவிடும். தோளில் ஊன்றாததால் குழல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது. எதிரியைத் தாண்டிப் பறந்த குண்டு எங்காவது இறங்கத்தானே வேண்டும்? அங்கே ஒரு மொட்டை மாடி இருக்கலாம், துணி உலர்த்த வந்த பெண் இருக்கலாம். பயிற்சியில்லாதவன் கையிலுள்ள ஆயுதம் சண்டைக்கே சம்பந்தமில்லாதவர்களைக் கொல்லும். இந்த வீடியோக்களில் நாம் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சிரித்துவிட்டுக் கடந்துபோவதும் தவறு. இராக்கில் ஐ.எஸ். (இஸ்லாமிக் ஸ்டேட்) என்ற ஆயுதக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் தலையில் மாட்டிய கேமராவில் பதிவாகி, 2016-ல் வெளியான காட்சியை உலகமே கேலி செய்தது. கவச வண்டிக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவன் சுடச்சுடத் தெறிக்கும் கொதிக்கும் வெற்றுத் தோட்டா உறைகள் பக்கத்தில் இருப்பவன்மேல் விழுகின்றன. ராக்கெட் லாஞ்சரை இயக்கும்போது பின்பக்கமாகச் சீறும் அனல் கூட இருப்பவர்களையே தாக்குகிறது. பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது ஆரம்பப் பாடம். ஆளாளுக்குக் கத்துகிறார்கள், யார் சொல்வதை யார் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் கேமரா மாட்டியவரும் இறந்துபோகிறார்.

இதே அமைப்புதான் 2014 ஜூனில் மோசுல் நகரத்தையே பிடித்தது. எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமாக இருந்த இராக் படை சிதறி ஓடியது. ஒரு வண்டியில் இருந்த சிலரின் தடுமாற்றத்தைக் கொண்டு ஒரு படையையே அளந்துவிட முடியாது. அந்த அமைப்பு தானே வெளியிட்ட பிரசார வீடியோக்களில் இப்படிப்பட்ட சொதப்பல் ஒன்றுகூட இருக்காது. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள். ஆகவே வெளியிட்டது யார் என்ற கேள்வி முக்கியம்.

சீருடை இல்லாதவனெல்லாம் பயிற்சியில்லாதவன் என்று நம் பகுதிக்காரர்களாவது நினைக்கக் கூடாது. 1801-ல் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்ற கும்பினிப் படை (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை), ஏறக்குறைய ஒரு மாதம் பாடுபட்டும் முடியாமல் பின்வாங்கியது. எதிரே நின்றவர்கள் மருது சகோதரர்களின் ஆட்கள். மரத்துக்கு மரம் அந்தக் காட்டை அறிந்தவர்கள். வளரி என்ற வளைந்த எறிகருவியை வீசுவது ஒரு நாளில் வருகிற வித்தையா? சின்ன மருதுவிடம் அதைக் கற்றுக்கொண்டதாகக் கும்பினி அதிகாரி வெல்ஷே எழுதிவைத்திருக்கிறார்.

2011 லிபியாவில் நடந்தது வேறு கதை. ஹெலிகாப்டரில் பொருத்த வேண்டிய ராக்கெட் குழல்களைக் கிளர்ச்சிக்காரர்கள் பிக்கப் வண்டிகளில் ஏற்றிச் சுட்டார்கள். குறி எங்கே நிற்கும்? அவர்களில் பலர் சில வாரங்களுக்கு முன்புவரை கடை நடத்தியவர்கள், கல்லூரியில் படித்தவர்கள். இவர்களைக் கோமாளிகள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போர் வீடியோ என்று வருவதெல்லாம் போரே அல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போர் என்று பரவியதால், 2022 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே விளக்கம் தர வேண்டியிருந்தது. புகையும் வெடிப்பும் அச்சு அசலாக இருந்தாலும், மனிதர்களின் நடை பொம்மை நடையாக இருக்கும். ஒரு காட்சியைப் படமாக எடுத்து இணையத்தில் தேடினால், பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். வீடியோவில் சொல்லப்படும் நாட்டில் நம் ஊர்ப் பிள்ளை யாராவது வேலை பார்த்தால், அவன் அம்மா இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடுவதற்கு முன்பு இந்தத் தேடலைக் கட்டாயம் செய்யுங்கள்.