ராப் பாடகரின் விக்கிப்பீடியாக் கட்டுரையை எப்படிச் சீர்செய்வது

கட்டுரையைத் திறந்ததும் ‘தொகு’ பொத்தானை அழுத்தக் கை துறுதுறுக்கும். ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். முதலில் ‘வரலாறு’, அடுத்து ‘உரையாடல்’ பக்கம். யார் எப்போது எதைச் சேர்த்தார்கள், எந்த வரியை ஒருவர் போட்டதும் இன்னொருவர் தூக்கினார் என்பதெல்லாம் வரலாற்றில் கிடக்கும். ஒரே வரி மூன்று நான்கு தடவை போய் வந்திருந்தால் அங்கே ஏதோ தகராறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அதே வரியை மறுபடியும் நீங்கள் போட்டால், எழுதிய கை காய்வதற்குள் நீக்கிவிடுவார்கள்.

புதுக் கட்டுரை தொடங்கப்போகிறீர்கள் என்றால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பையன் யூடியூபில் பாட்டுப் போட்டு லட்சக்கணக்கில் பார்வை வாங்கியிருக்கலாம். பாட்டும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் பார்வை எண்ணிக்கை குறிப்பிடத்தக்கமை, அதாவது விக்கிப்பீடியாவில் கட்டுரை பெறும் தகுதி, ஆகாது. அவருக்குத் தொடர்பில்லாத இரண்டு மூன்று ஊடகங்களாவது அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். கல்லூரி ஆண்டுவிழாச் செய்தியின் கடைசி வரியில் பெயர் வந்தது போதாது. அவர் உங்கள் சேக்காளி என்றால் நீங்கள் எழுதவே வேண்டாம். தெரிந்ததை, சான்றோடு, உறவையும் சொல்லி, உரையாடல் பக்கத்தில் வையுங்கள். தொடர்பில்லாத ஒருவர் பார்த்துச் சேர்ப்பார்.

இனி வேலை. ரசிகர்கள் எழுதிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த மாதிரித்தான் தொடங்கும்: “உலகத் தமிழர்களின் பெருமையும் ராப் உலகின் ராணியுமான எம்.ஐ.ஏ. அவர்கள் தனது அற்புதமான பாடல்களால் உலகையே கலக்கி வருகிறார்.” இதில் பெருமை, ராணி, அற்புதம், கலக்கல் நான்கையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். சரிபார்க்க ஒன்றும் இல்லை. இப்படி மாற்றலாம்: “எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரால் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம் (பிறப்பு: 18 சூலை 1975) இலண்டனில் பிறந்த ஈழத்தமிழ் வம்சாவளி ராப் இசைக்கலைஞர். இவரது முதல் இசைத்தொகுப்பு 2005இல் வெளியாகி, அவ்வாண்டின் பிரித்தானிய மெர்குரி இசைப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.” பெயர், தேதி, ஊர், ஆண்டு, பரிசு என ஒவ்வொன்றையும் ஒருவர் போய்ப் பார்த்து ‘ஆமாம்’ என்றோ ‘தப்பு’ என்றோ சொல்ல முடியும். ‘அவர்கள்’ தேவையில்லை, ‘இவர்’, ‘பாடினார்’ என்பதிலேயே மரியாதை வந்துவிடுகிறது. ரசிகர்கள் கொடுத்த பட்டங்களும் முதல் வரிக்கு வேண்டாம்.

அந்த முதல் தொகுப்பின் பெயரிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பெயர்ப்பவர் அதை ‘அருலர்’ என்று எழுதிவிடுவார். தொகுப்பின் பெயர் எம்.ஐ.ஏ.வின் தந்தையுடையது. அருள்பிரகாசம் என்ற அவருக்கு ஈழப் போராளி இயக்கத்தில் வழங்கிய பெயர் அருளர், ஆகவே ள. 2007இல் வந்த இரண்டாவது தொகுப்பு தாயின் பெயரில், கலா. ல, ள, ழ மூன்றும் ஆங்கிலத்தில் பல நேரம் ஒன்றாகிப் போகும். ர, ற, ந, ன, ண எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஈழத்து, மலேசியக் கலைஞர்களின் பெயரை அவர்களே தமிழில் எழுதிய இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியை நம்பி அப்படியே பதிந்தால் பிழை கூகுள் தேடல்வரை போய்விடும், பிறகு அதையே சான்றாக ஒருவர் காட்டுவார்.

அந்தத் தந்தையைப் பற்றி இன்னொரு பிழையும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் விடுதலைப் புலி என்று பல ஆங்கில ஊடகங்கள் எழுதின. அவர் இருந்தது ஈரோஸ் என்ற வேறொரு ஈழப் போராளி இயக்கத்தில், அதன் நிறுவனர்களில் ஒருவராக. பத்து இடத்தில் வந்த செய்தி என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. பத்தும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையா என்று பாருங்கள். உயிரோடிருப்பவரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் வழக்கு, கைது, குற்றச்சாட்டு என்று எது இருந்தாலும், உறுதியான சான்று இல்லையென்றால் ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே எடுக்க வேண்டும்.

சான்று சேர்ப்பதில் நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு வசதி உண்டு. ஒன்று, மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. சான்று எந்த மொழியிலும் இருக்கலாம் என்பது விதி. வேடன் போன்ற மலையாள ராப் கலைஞரின் கட்டுரைக்கு மனோரமாவையும் மாத்ருபூமியையும் நேரடியாகப் படித்து மேற்கோள் காட்ட கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கும்போது, ஆங்கில மறுபதிப்பைத் தேடி அலைவானேன். இரண்டு, அச்சுப் பத்திரிகை. சான்றுக்கு இணைய இணைப்பு கட்டாயமில்லை. பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண், செய்தித் தலைப்பு போதும். ஆனால் எந்தப் பதிப்பு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நாகர்கோவில் பதிப்பின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது சென்னைப் பதிப்பில் இருக்காது. பதிப்பைக் குறிக்காவிட்டால் சரிபார்க்கப் போனவர் ‘அப்படிச் செய்தியே இல்லை’ என்று நீக்குவார், அவர்மேல் குற்றமும் இல்லை.

இணையச் செய்தி என்றால் தொகுப்பானில் ‘மேற்கோள்’ போய் இணைப்பை ஒட்டினால் விவரங்கள் தானாக நிரம்பும். அப்படியே விட்டுவிடாதீர்கள். தமிழ்ச் செய்தித் தளங்களில் தேதி மாறி விழுவதும், எழுதியவர் இடத்தில் தளத்தின் பெயர் உட்காருவதும் வாடிக்கை. இணைப்பை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்திலும் சேமித்து வையுங்கள். வருடம் போகப் போகப் பல இணைப்புகள் செத்துவிடும். பாடல் வரி, இசைத்தொகுப்பு, திரைப்படத் தகவல் தளங்களான ஜீனியஸ், டிஸ்காக்ஸ், ஐ.எம்.டி.பி. மூன்றும் பயனர்கள் நிரப்புபவை. அவற்றைப் பார்த்துத் துப்பு எடுக்கலாம், சான்றாக வைக்க முடியாது. கலைஞரின் சொந்த இன்ஸ்டாகிராம் பதிவு அவர் பிறந்த ஊருக்கு ஆகும், ‘நான்தான் முதல் தமிழ் ராப்பர்’ என்பதற்கு ஆகாது.

சர்ச்சைதான் எல்லோரும் தடுமாறும் இடம். 2021இல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் ராப் பாடகர் அறிவு இல்லாமல் அது பாடப்பட்டது. பாடலைத் தானே இயற்றி, எழுதி, பாடியதாக அறிவு இன்ஸ்டாகிராமில் எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பாடகி தீயும் தத்தம் விளக்கத்தை வெளியிட்டார்கள். கட்டுரையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: மூவர் சொன்னதும், மூன்று சான்றும். வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ஒருவர் ‘அம்பலப்படுத்தினார்’, மற்றவர் ‘மழுப்பினார்’ என்றால் தீர்ப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். எல்லாருக்கும் ‘கூறினார்’ போடுங்கள்; சலிப்பாக இருந்தாலும் அதுதான் சரி.

அளவும் பார்க்க வேண்டும். 2012இல் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் பவுல் நிகழ்ச்சியில் எம்.ஐ.ஏ. நடுவிரலைக் காட்டியது நொடி நேரம். அதன்மேல் வழக்காடல் நடந்து 2014இல் சமரசம் ஆனது. இரண்டு மூன்று வரி தாங்கும். அதற்கு நான்கு பத்தியும், கலா தொகுப்புக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்ததற்கு ஒரு வரியும் என்றால் கட்டுரை கோணல். இசைக்காகத்தானே அவருக்குக் கட்டுரையே இருக்கிறது.

பாடல் பட்டியலை அட்டவணையாகப் போடுங்கள்: ஆண்டு, தலைப்பு, வெளியீட்டு நிறுவனம், உடன் பணியாற்றியோர், அவர் செய்தது என்ன, சான்று. ‘செய்தது என்ன’ என்ற நிரல்தான் உயிர். பாடினாரா, எழுதினாரா, ராப் பகுதி மட்டுமா என்பது அதில்தான் தெளியும். சொந்தத் தொகுப்பு, திரைப்பாடல், பிறர் பாடலில் பங்கேற்பு மூன்றையும் கலக்காதீர்கள். தலைப்புக்கு இணைப்புக் கொடுக்கும்போது சொடுக்கிப் பாருங்கள். மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்த தொகுப்பு. அதே ஆண்டில் சிலம்பரசனின் ‘வல்லவன்’ படமும் வந்தது. கண்ணை மூடி இணைத்தால் ராப் தொகுப்பிலிருந்து படத்துக்குப் போய் நிற்போம். அறிவு, வேடன் இரண்டும் பொதுச்சொற்கள் என்பதால் அங்கும் இதே எச்சரிக்கை. பாடல் வரிகளை முழுதாக ஒட்டுவது பதிப்புரிமை மீறல். விளக்கத்துக்குத் தேவையென்றால் ஒரு வரி, அதுவும் மேற்கோள் குறிக்குள்.

எழுத்துக்கூட்டல்: ‘ராப்’ என்று எழுதுங்கள், அல்லது ‘சொல்லிசை’. ‘ரேப்’ வேண்டவே வேண்டாம். பாலியல் குற்றச் செய்தி என்று படித்துவிட்டுப் போவார்கள். ‘ஹிப் ஹாப்’பில் ஹகரம் இருக்கலாமா என்ற கிரந்தச் சண்டை தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடமாக நடக்கிறது. அதை ஒரு பாடகரின் கட்டுரையில் தீர்க்கப் பார்க்காதீர்கள். கலைஞர் எப்படி எழுதுகிறாரோ அது தலைப்பு, மற்ற வடிவங்களுக்கு வழிமாற்று, அதாவது அந்தப் பெயரில் தேடினாலும் இதே கட்டுரைக்குக் கொண்டுவரும் இணைப்பு.

படம் நீங்களே எடுத்ததாக இருந்தால் சிக்கல் இல்லை. யூடியூபிலிருந்து வெட்டியதும், சுவரொட்டியைக் கைப்பேசியில் பிடித்ததும் விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் நிற்காது. நண்பர் எடுத்தது என்றால் அவரே பதிவேற்றட்டும். ராப் மேடையில் படம் எடுப்பது சிரமம்: மைக் பாதி முகத்தை மறைக்கும், சிவப்பு விளக்கு மீதியைத் தின்றுவிடும். பாடும்போது எடுக்காதீர்கள், பாட்டு முடிந்து மைக்கைத் தாழ்த்திக் கூட்டத்தைப் பார்க்கிற அந்த இரண்டு மூன்று விநாடிதான் உங்களுக்கானது. வெள்ளை விளக்கும் பெரும்பாலும் அப்போதுதான் போடுவார்கள்.

எல்லா மாற்றங்களையும் ஒரே திருத்தமாகச் சேமிக்காதீர்கள். புகழ்ச்சி நீக்கம் ஒன்று, சான்றுகள் ஒன்று, அட்டவணை ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொகுப்புச் சுருக்கம் (என்ன மாற்றினீர்கள் என்ற சிறு குறிப்பு) எழுதுங்கள். ஒன்று பிடிக்காமல் யாராவது மீளமைத்தால் மற்ற இரண்டும் தப்பும். ஆங்கிலக் கட்டுரையிலிருந்து பெயர்த்திருந்தால் அதன் இணைப்பைச் சுருக்கத்தில் கொடுப்பது உரிம நிபந்தனை. அட்டவணையை முதலில் சோதனைப் பக்கமான மணல்தொட்டியில் போட்டு, கைப்பேசியிலும் திறந்து பாருங்கள். ஆறு நிரல் சின்னத் திரையில் பிதுங்கும். பிதுங்கினால் வெளியீட்டு நிறுவனத்தை எடுத்துவிடுங்கள், சான்றை விடாதீர்கள்.