டச்சு அரச இறுதி ஊர்வலப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'முதலாம் வில்லெமின் இறுதி ஊர்வலம்' என்று ஒரு பழைய அச்சுப் படம் கண்ணில் பட்டால், அவசரப்பட்டு வருஷத்தை முடிவு செய்துவிடாதீர்கள். நெதர்லாந்து வரலாற்றில் அந்தப் பெயருக்கு இரண்டு பேர் உண்டு. ஒருவர் 1584-இல் டெல்ஃப்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட, ஆரஞ்சு என்ற சிற்றரசின் இளவரசர். அவருடைய ஊர்வலத்தை ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் 12 தகடுகளில் செதுக்கி அச்சிட்டார். இன்னொருவர் 1840-இல் முடிதுறந்து, 1843 டிசம்பர் 12 அன்று பெர்லினில் இறந்த அரசர். இவர் டெல்ஃப்டின் புதிய தேவாலயத்தில் அடக்கமானது 1844 ஜனவரி 2-ஆம் தேதி. ஆகவே படத்தில் 1844 என்றிருந்தால் அதைப் பிழை என்று 'திருத்த' வேண்டாம்! அவர் மகன் அரசர் இரண்டாம் வில்லெமுக்கும் அப்படித்தான்: இறந்தது 1849 மார்ச் 17, அடக்கம் ஏப்ரல் 4.

தேதியே இல்லாத படமா? அந்தப் புதிய தேவாலயத்தின் கோபுரத்தைப் பாருங்கள். 1872-இல் இடி விழுந்து தீப்பிடித்ததில் அதன் உச்சி எரிந்துபோனது. அப்புறம் புதுக் கூம்பை அமைத்தவர் பியர் கைபர்ஸ். ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்தை வடிவமைத்ததும் அவர்தான். இன்று நாம் பார்க்கும் கூம்பு 1849 ஊர்வலப் படத்தில் இருந்தால், அது பின்னாளில் வரைந்தது. அதே ஊரில் பழைய தேவாலயமும் உண்டு. கோபுரம் சாய்ந்து நின்றால் அது பழையது. அரச கல்லறை அங்கே இல்லை.

பெரிய தவறு, ஊர்வலப் படத்தைப் புகைப்படம்போல நம்புவது. ஒரே தாளில் ஊர்வலம் வரிசை வரிசையாக மடங்கி வளைந்து போகும். ஆட்களின் தலைக்கு மேல் எண்கள், கீழே பெயர்ப் பட்டியல். எந்தத் தெருவிலும் கூட்டம் அப்படி நிற்காது. யார் முன்னே, யார் பின்னே என்ற மரியாதை வரிசையைக் காட்டுவதுதான் இதன் வேலை. கூட்டம் எவ்வளவு என்று இதைப் பார்த்துக் கணக்குப் போடுவது வீண்.

சவப்பெட்டிமேல் கிரீடம் தெரிந்தால், முடிசூட்டிக்கொண்டவர் என்று எழுதாதீர்கள். டச்சு மன்னர்கள் உறுதிமொழிதான் எடுப்பார்கள், தலையில் கிரீடம் வைப்பதில்லை. 1840-இல் செய்த கிரீடமும் தங்கமுலாம் பூசிய வெள்ளிதான், கற்களும் போலி.

நிறம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் துக்கத்தின் நிறம் கறுப்பு. மூன்றாம் வில்லெமின் மனைவி அரசி சோஃபியை 1877-இல் திருமண உடையிலேயே அடக்கம் செய்தார்கள் என்பதைக் கேட்டுவிட்டு, வெள்ளை ஊர்வலத்தைக் கற்பனை செய்யக்கூடாது. வெள்ளை ஊர்வலம் 1934-இல் அரசி வில்ஹெல்மினாவின் கணவர் இளவரசர் ஹென்ட்ரிக்குக்கும், 1962-இல் அந்த அரசிக்கும் நடந்தது.